பெருந்தொற்றில் தேங்கிய சரக்கும் திரும்பிய காசோலையும்: நெல்லை மருந்து வணிகத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி டவுனில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கும், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கும் இடையே 2021இல் எழுந்து 2023இல் முடிந்த ஒரு பணத் தகராறின் பதிவு இது. மொத்த வியாபாரியின் கணக்குகளையும் ஜி.எஸ்.டி. படிவங்களையும் கவனித்து வருபவன் என்ற முறையில் தொடக்கம் முதல் இதில் இருந்தேன்; இடையில் நான் சொன்ன தவறான யோசனையும் விவகாரத்தின் ஒரு பகுதி. இரு தரப்பும் இசைந்த பிறகே எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், தொகைகளை ஆயிரங்களுக்கு முழுமையாக்கியிருக்கிறேன்.

பின்னணி

மொத்த வியாபாரி இத்தொழிலில் முப்பது ஆண்டு கண்டவர். தெற்கே வள்ளியூர், மேற்கே விக்கிரமசிங்கபுரம் வரை ஏறத்தாழ 140 கடைகளுக்குச் சரக்கு கொடுக்கிறார். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளில் மொத்த வியாபாரிக்கு 8 விழுக்காடும் சில்லறைக் கடைக்கு 16 விழுக்காடும், பட்டியலில் இல்லாதவற்றில் முறையே 10, 20 விழுக்காடும் லாபம் என்பது வணிக வழக்கம். இதில் கடைக்காரருக்குத் தரும் தள்ளுபடி, வண்டிக் கூலி, ஆள் சம்பளம், வங்கியின் மிகைப்பற்றுக் கடனுக்கான (ஓவர்டிராஃப்ட்) வட்டி எல்லாம் போக இவர் கையில் நிற்பது நூற்றுக்கு இரண்டு, மூன்று ரூபாய்தான். ஆகவே 1 லட்ச ரூபாய் வராக்கடனாகப் போனால், அதை ஈடுகட்ட 33 முதல் 50 லட்ச ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் முடிவுகள் விளங்கும்.

கடைக்காரர் பன்னிரண்டு ஆண்டுகளாக இவரிடம் சரக்கு எடுப்பவர். ஒரு மருத்துவரின் கிளினிக்கை ஒட்டிய கடை. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றும் குடும்பத்தினர், வயல் வேலைக்காரர்கள், ஆலையில் ஓய்வு பெற்றவர்கள். இருவருக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இருந்ததில்லை. பில்லின் அடியில் சிறிய எழுத்தில் 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது', 'திருநெல்வேலி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று அச்சாகியிருக்கும். நடைமுறையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனையாளர் போகும்போது எக்ஸ்பைரி அட்டைகளை அட்டைப்பெட்டியில் போட்டுத் திருப்பி எடுத்து வந்து, அதன் தொகையைப் பாக்கியில் கழிக்கும் கிரெடிட் நோட்டு கொடுத்துவிடுவார். அச்சில் இருந்ததும் நடந்து வந்ததும் ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருந்தன. அதைப் பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

2020: முகக்கவசமும் மூடிய கிளினிக்கும்

2020 மார்ச் 13 அன்று மத்திய அரசு முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. மார்ச் 21 அன்று விலை வரம்பும் வந்தது: மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், இரண்டடுக்கு 8 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய். மொத்த வியாபாரி அதற்கு ஒரு வாரம் முன்புதான் 4,000 முகக்கவசங்களை ஒன்று 13 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தார். வாங்கிய பில் இருக்கிறதே, அதைக் காட்டி அதே விலைக்கு விற்கலாமா என்று அவருடைய மகன் கேட்டார். விலை உத்தரவு கொள்முதல் விலையைப் பார்ப்பதில்லை என்பதால், நட்டத்தை ஏற்று விற்றுத் தீர்க்கச் சொன்னேன். கடைக்கு 9 ரூபாய் என்று போட்டதில் 16,000 ரூபாய் போயிற்று. வாங்கியபின் விலை இறங்கும் அபாயம் மருந்து வணிகத்தில் அதுவரை அரிது என்பதால், இதை ஒரு விபத்தாக எண்ணிக் கடந்துவிட்டோம்.

ஊரடங்கின் முதல் மாதத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்தார்கள். ஹைட்ராக்சி குளோரோகுயின் கேட்டு வந்தவர்கள் அதைவிட அதிகம். மார்ச் இறுதியில் அது எச்1 அட்டவணைக்கு மாறியதால் சீட்டும் பதிவேடும் இல்லாமல் கொடுக்க முடியாமல் போயிற்று. பிறகு வந்த சரிவைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. பள்ளிகள் இல்லை, எல்லோர் முகத்திலும் கவசம். குழந்தைகளுக்கான இருமல் மருந்தும் ஆன்டிபயாட்டிக் பாட்டிலும் அலமாரியில் அப்படியே நின்றன. அம்பாசமுத்திரம் கடையை ஒட்டிய மருத்துவர் வயதானவர். ஐந்து மாதம் கிளினிக்கைத் திறக்கவில்லை. சீட்டு எழுத ஆளில்லாத கடையில் தலைவலி மாத்திரைக்கு மேல் என்ன விற்கும்? பேருந்தும் இல்லை, பீடிக் கம்பெனிகள் மூடியிருந்ததால் வாரக் கூலியும் இல்லை. 'எழுதி வையுங்க' என்று சர்க்கரை மாத்திரை வாங்கியவர்களின் பாக்கியே கடைக்காரரின் நோட்டில் 90,000 ரூபாயைத் தாண்டியது.

அந்த ஆண்டு மொத்த வியாபாரி கடைக்காரரை நெருக்கவில்லை. தவணை 30 நாளிலிருந்து 75 நாளாக நீண்டது. மார்ச் 2021க்குள் பாக்கி முழுவதும் அடைபட்டது. கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவர் என்ற நம்பிக்கை இதனால் இன்னும் உறுதிப்பட்டது. அடுத்த சில வாரங்களில் எடுத்த முடிவுகளுக்கு அடிப்படையும் அந்த நம்பிக்கைதான்.

2021 ஏப்ரல், மே: முன்பணமும் கடன் சரக்கும்

இரண்டாம் அலையில் விலையும் வரத்தும் ஒரே வாரத்தில் மாறின. ஏப்ரல் 11 அன்று ரெம்டெசிவிர் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. ஏப்ரல் 17 அன்று உற்பத்தியாளர்கள் விலையைத் தாமே குறைத்ததாக அறிவிப்பு வந்தது. ஒரு நிறுவனத்தின் ஊசி 5,400 ரூபாயிலிருந்து 3,490 ஆகவும், இன்னொன்று 2,800 ரூபாயிலிருந்து 899 ஆகவும் இறங்கின. மொத்த வியாபாரி பழைய விலையில் ஒரு சிறிய மருத்துவமனைக்குக் கொடுத்திருந்த 12 ஊசிகளுக்கு விலை வேறுபாடு கேட்டார்கள். கம்பெனி கிரெடிட் நோட்டு கொடுத்ததால் அது சிக்கலின்றி முடிந்தது. மே மாதம் நெல்லை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் அரசே ரெம்டெசிவிரை நேரடியாக விற்கத் தொடங்கியபின், தனியார் வழி வரத்து இவர்களுக்கு அநேகமாக நின்றுபோயிற்று.

மற்ற மருந்துகளின் நிலை வேறு. ஃபேவிபிராவிர், ஐவர்மெக்டின், டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், துத்தநாகம், வைட்டமின் சி, ஆக்சிமீட்டர், ஆவி பிடிக்கும் கருவி என்று ஒரு பட்டியல் வாட்ஸப்பில் சுற்றாத குடும்பமில்லை. ஃபேவிபிராவிர் 200 மில்லிகிராம் மாத்திரை முதல் நாள் மட்டும் 18 என்பதால், ஒரு நோயாளிக்கே பெட்டி பெட்டியாகப் போகும். கடைக்காரர் காலையில் கேட்டதை மாலைக்குள் இருமடங்காக்கினார். மே 3 முதல் 28 வரை 11 பில்களில் 9,12,000 ரூபாய்க்குச் சரக்கு போயிற்று. அதற்கு முன் அந்தக் கடையின் மாதக் கொள்முதல் 1,10,000 ரூபாயைத் தாண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் பணச் சுழற்சி தலைகீழானது. வழக்கமாகக் கம்பெனி 21 நாள் கடன் தரும், இவர் கடைக்கு 30 நாள் தருவார். இடைவெளி 9 நாள்தான். கோவிட் சரக்குக்கோ கம்பெனிகள் முன்பணம் கேட்டன. மொத்த வியாபாரி ஓவர்டிராஃப்டை முழுவதும் எடுத்து, போதாததற்கு வீட்டு நகையையும் அடகு வைத்து முன்பணம் கட்டினார். கடைக்கு மட்டும் வழக்கம்போல் 30 நாள் கடன் தொடர்ந்தது. ஏன் இப்படி என்று அப்போதே கேட்டேன். 'ஊரே மூச்சுக்குத் தவிக்கும்போது துட்டை வச்சிட்டு மருந்தை எடுன்னு தம்பிட்ட எப்படிச் சொல்ல' என்றார். அதற்கு மேல் வாதிட எனக்கு வாய் வரவில்லை.

முன்பணம் கேட்ட பில்களில் இரண்டு கம்பெனிகள் 'நான் ரிட்டர்னபிள்', அதாவது சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம், என்று முத்திரை குத்தியிருந்தன. அந்த முத்திரையின் பொருள் கடைக்காரருக்குச் சொல்லப்படவில்லை. அவருக்குப் போன பில்லில் அந்த வரி இல்லை.

ஜூன், ஜூலை: சரக்கு நின்றது

தமிழ்நாட்டில் ஒருநாள் தொற்று எண்ணிக்கை மே 21 அன்று 36,184 என உச்சம் தொட்டது. ஜூன் இறுதியில் அது ஐயாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. நோய் தணிந்தது ஒரு காரணம். இன்னொன்று, ஜூன் தொடக்கத்தில் வெளியான மத்திய சுகாதார சேவை இயக்ககத்தின் திருத்திய வழிகாட்டுதல். லேசான பாதிப்புக்கு ஐவர்மெக்டின், டாக்சிசைக்ளின் போன்றவற்றை அது நீக்கியது. மருத்துவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். மருத்துவ நோக்கில் அது சரியான முடிவு. கடைக்காரரின் அலமாரிக்கு அது என்ன செய்யும் என்று பார்ப்பது அந்த ஆவணத்தின் வேலையுமன்று.

ஜூன் 26 அன்று நானும் மகனும் கடைக்குப் போனோம். கல்லாவுக்குப் பின்னால், தரையிலிருந்து இடுப்புயரம் வரை பிரிக்காத பெட்டிகள். கடைக்காரர் பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் பட்டியல் எழுதி வைத்திருந்தார்: மருந்தின் பெயர், பேட்ச் எண், எக்ஸ்பைரி மாதம், மீதி அட்டை. கூட்டினால் 4,18,000 ரூபாய். அதில் 46 ஆக்சிமீட்டர்கள். ஒன்று 1,350 ரூபாய்க்கு எடுத்தவை. அதே கருவி அன்று ஆன்லைனில் பாதி விலைக்கும் கீழே இருந்தது. ஜூன் மாதமே அதற்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஜூலையில் வணிக லாபத்துக்கு 70 விழுக்காடு உச்சவரம்பும் வந்து, விலை மேலும் இறங்கியது.

'அண்ணாச்சிட்ட சொல்லுங்க, சரக்கு அப்படியே இருக்கு, சீல்கூட பிரிக்கலை. எடுத்துக்கிட்டு கணக்கைக் கழிச்சிருங்க' என்பது அவருடைய கோரிக்கை. பன்னிரண்டு ஆண்டு வழக்கத்தை வைத்துப் பார்த்தால் அதில் தவறே இல்லை. மொத்த வியாபாரியிடம் 'நான் ரிட்டர்னபிள்' முத்திரை இருந்தது. மதுரையிலிருந்த கம்பெனியின் கிளியரிங் ஏஜெண்டு ஃபோனை எடுப்பதையே விட்டிருந்தார். முத்திரை இல்லாத ஒரு கம்பெனி மட்டும் 52,000 ரூபாய் சரக்கைத் திரும்ப எடுத்தது. அதை வேறு கடைகளின் எக்ஸ்பைரியோடு சேர்த்து அனுப்பிவிட்டதால், அம்பாசமுத்திரம் கடைக்கு அதில் ஒரு பைசாவும் போகவில்லை. பின்னாளில் கடைக்காரருக்கு மனக்கசப்பை உண்டாக்கியதும் இதுதான். அது நியாயமான கசப்பு.

மே மாத பில்களில் 2,37,000 ரூபாய் ஏற்கனவே வந்திருந்தது. மீதி 6,75,000 ரூபாய்க்கு, சரக்கு எடுக்கும்போதே பின்தேதியிட்ட இரண்டு காசோலைகளைக் கடைக்காரர் கொடுத்திருந்தார்: ஜூன் 30 தேதியில் 3,40,000, ஜூலை 31 தேதியில் 3,35,000.

முதல் காசோலை: என் தவறு

முதல் காசோலையை வங்கியில் போட வேண்டாம், ஆவணி வரை பொறுங்கள் என்று கடைக்காரர் கேட்டார்; பொறுத்தோம். செப்டம்பர் கடைசி வாரம் மொத்த வியாபாரி, காசோலைக்கு மூன்று மாதம்தானே ஆயுள், போட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டார். உச்ச நீதிமன்றம் பெருந்தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் 15 முதல் வழக்குகளுக்கான கால வரம்புகளை நீட்டித்திருந்ததும், அந்த நீட்டிப்பு 2021 அக்டோபர் 2 வரை என்று செப்டம்பர் 23 அன்று உத்தரவு வந்திருந்ததும் எனக்குத் தெரியும். நாளிதழில் படித்த அளவில், அக்டோபர் 2 வரை எல்லாமே நிற்கும் என்று சொல்லிவிட்டேன். அக்டோபர் 4, திங்கட்கிழமை காசோலையைப் போட்டார். காலாவதியானது என்று திரும்பி வந்தது.

நான் படிக்காமல் விட்டது இது. காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் மூன்று நிபந்தனைகள் உள்ளன. ஒன்று, காசோலை செல்லுபடியாகும் காலத்துக்குள் வங்கியில் போட வேண்டும். இரண்டு, திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். மூன்று, அறிவிப்பு கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால்தான் குற்றம் ஆகும். நீதிமன்றம் நீட்டித்தவை இரண்டாவதும் மூன்றாவதும். காசோலையின் மூன்று மாத ஆயுள் ரிசர்வ் வங்கியின் விதியால் வருவது. அதை யாரும் நீட்டிக்கவில்லை. 3,40,000 ரூபாய்க்குக் குற்றவியல் வழி அடைபட்டு, உரிமையியல் வழக்கு ஒன்றே மிஞ்சியது.

இரண்டாம் காசோலையும் நீட்டிப்பின் மறுபக்கமும்

பாடம் கற்ற பயத்தில் இரண்டாவது காசோலையை அக்டோபர் 18 அன்றே போட்டோம். 'பணம் தர வேண்டாம்' என்ற கடைக்காரரின் உத்தரவின் பேரில் 20ஆம் தேதி திரும்பியது. அறிவிப்பு அனுப்ப நவம்பர் 19 வரை நேரம் இருந்தது. இடையில் தீபாவளி வந்தது. மருந்து வணிகர் சங்கத்தின் மூத்தவர் ஒருவர் பேசி முடிக்கிறேன் என்றார். இரண்டு முறை உட்கார்ந்து பேசினோம். சரக்கை யார் ஏற்பது என்ற இடத்தில் பேச்சு நின்றது. அந்த 19ஆம் தேதியும் கடந்துவிட்டது. டிசம்பரில் வழக்கறிஞரிடம் போனபோது, 'ரெண்டையும் விட்டுட்டு வந்திருக்கீங்களே' என்றார்.

2022 ஜனவரி 10 அன்று, மூன்றாம் அலையை முன்னிட்டு, உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் முழுவதையும் கணக்கிலிருந்து நீக்கியது. 138ஆம் பிரிவின் 30 நாளும் 15 நாளும் பெயர் சொல்லியே அதில் இருந்தன. செத்த அறிவிப்பு உயிர்பெற்றது. ஜனவரி 24 அன்று பதிவு அஞ்சலில் அறிவிப்பு போயிற்று.

மகன், பிப்ரவரி நடுவிலேயே புகார் கொடுத்துவிடலாம் என்று துடித்தார். வழக்கறிஞர் மறுத்தார். நீக்கப்பட்ட காலம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கடைக்காரர் பணம் கட்ட வேண்டிய 15 நாளும் மார்ச் 1இல்தான் ஓடத் தொடங்கும். அது முடியுமுன் புகார் கொடுத்தால், வழக்கு எழும் முன்பே கொடுத்த புகார் என்று தள்ளுபடியாகும் என்பது அவர் வாசிப்பு. மார்ச் 28 அன்று புகார் தாக்கலானது. கடனாளிக்கும் அதே கடிகாரம் நின்றிருந்தது என்பதை அவர் சொல்லும்வரை நாங்கள் மூவரும் யோசிக்கவே இல்லை.

இதனிடையே வேறு வழிகளும் பேசப்பட்டன. 2021 ஜூலையில் வணிகர்களும் சிறு, குறு நிறுவனங்களாகப் பதியலாம் என்று வந்த அறிவிப்பை வைத்து, 45 நாளில் பணம் தராதவருக்குக் கூட்டு வட்டி போடலாம் என்று வாட்ஸப்பில் ஓடியது. அந்த அறிவிப்பு வணிகர்களுக்குத் தந்தது வங்கியின் முன்னுரிமைக் கடன் சலுகை மட்டுமே, தாமதப் பண விதி அவர்களுக்கு இல்லை. திவால் சட்டத்துக்கும் இதில் இடமில்லை. நிறுவனங்கள் மீது அந்தச் சட்டத்தின் கீழ் போகும் குறைந்தபட்சத் தொகையே 2020 மார்ச்சில் 1 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்ந்திருந்தது, கடைக்காரரோ தனி உரிமையாளர்.

கம்பெனிகள் மீது வழக்கு போடுவதையும் பார்த்தோம். பில்லின்படி நீதிமன்ற எல்லை மும்பை. முத்திரை வேறு எதிராக இருந்தது. இரண்டு கம்பெனிகளிடமும் சேர்த்துக் கேட்கக்கூடியது 1,60,000 ரூபாய். அதற்கு மும்பை போய் வரும் செலவே பாதியாகும் என்று மொத்த வியாபாரி கைவிட்டார். மருந்துச் சந்தையின் மேல்மட்டத்தில் பெருந்தொற்றுச் சட்டச் சிக்கல்கள் வேகமாகவே முடிந்தன. 2021 மே மாதம் ஓர் இந்திய நிறுவனம் பாரிசிட்டினிப் மருந்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமையாளர் இசையாமலே தயாரிக்க அரசு தரும் அனுமதி) கேட்டு விண்ணப்பித்ததும், காப்புரிமையாளர் பல நிறுவனங்களுக்குத் தாமே உரிமம் கொடுத்தார். விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. அங்கே இரு பக்கமும் பேரம் பேச ஏதோ ஒன்று இருந்தது. முன்பணம் கட்டிச் சரக்கு எடுத்துவிட்ட மொத்த வியாபாரியின் கையில் பேரத்துக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

தற்காப்பு

கடைக்காரரின் வழக்கறிஞர் எளிய கோட்டில் நின்றார். காசோலை கொடுத்தது உண்மை, கையெழுத்தும் உண்மை. ஆனால் சரக்கைத் திருப்பி எடுப்பது இவ்விருவரின் நீண்ட வழக்கம், திருப்பித் தர முன்வந்தபின் அந்த அளவுக்குக் கடன் நிலுவையில் இல்லை என்றார். ஆதாரமாக 2012 முதலான கிரெடிட் நோட்டுகளின் நகல்களைக் காட்டினார். பலவற்றை நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். பில்லின் அடியிலிருந்த 'திரும்பப் பெறப்படாது' என்ற வரியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக மொத்த வியாபாரியே மதிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பென்சில் பட்டியலின் படத்தை ஜூன் 26 அன்றே மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். நீல டிக்கும் இருந்தது.

காசோலை கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று சட்டம் முதலில் அனுமானிக்கும் என்பதால் வழக்கு எங்கள் பக்கம் சாய்ந்தே இருந்தது. ஆனால் எவ்வளவு கடனுக்கு என்ற கேள்வி வலுவானது என்று எங்கள் வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார்.

சமரசமும் நவம்பர் 30ம்

முதல் காசோலைத் தொகையான 3,40,000 ரூபாய்க்கு உரிமையியல் வழக்கு போடுவதிலும் ஒரு தடை இருந்தது. 3 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வணிகத் தகராறில் முன்கூட்டிய சமரச முயற்சி கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எப்படியும் சமரச மேசைக்குப் போகத்தான் வேண்டும் என்றானபின், இரண்டு தொகைகளையும் சேர்த்து மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கலாம் என்று வழக்கறிஞர்கள் பேசினார்கள்.

தேதியை நெருக்கியவன் நான். 2021-22 நிதியாண்டின் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டக் கடைசி நாள் 2022 நவம்பர் 30. அதற்குள் சரக்கு திரும்பினால் அதற்குக் கட்டிய வரியை மொத்த வியாபாரி கழித்துக்கொள்ளலாம். கடைக்காரர் தான் எடுத்த உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கட்டிக் கழித்துக்கொண்ட வரியை, திருப்ப வேண்டும். அந்த நாளைத் தாண்டினால் வரியும் சேர்ந்து நட்டம். மாத்திரைகளின் எக்ஸ்பைரியும் பல பேட்ச்களில் 2023 மார்ச். நான்கு மாதம்கூட முழுதாக இல்லை. நீதிமன்றக் காலம் இரண்டு ஆண்டு நின்றபோதும் அட்டையில் அச்சிட்ட மாதம் நிற்கவில்லை என்பதை இரு தரப்புக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

நவம்பர் 12 அன்று நடந்த மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. மூன்றாம் அலையில் கொஞ்சம் விற்றதுபோகக் கடையில் அப்போது 2,60,000 ரூபாய்ச் சரக்கு நின்றது. அதில் சீல் பிரிக்காத 1,95,000 ரூபாய்ச் சரக்கை மொத்த வியாபாரி எடுத்துக்கொண்டு கிரெடிட் நோட்டு தருவது. ஆக்சிமீட்டரும் ஆவி பிடிக்கும் கருவியும் அடங்கிய 65,000 ரூபாய்ச் சரக்கு கடைக்காரர் பொறுப்பு. கடைக்காரர் 4,20,000 ரூபாயை மாதம் 60,000 வீதம் ஏழு தவணையில் கட்டுவது. மீதி 60,000 ரூபாயை மொத்த வியாபாரி விட்டுவிடுவது. கூட்டினால் 6,75,000. அந்த 60,000 ரூபாய், கம்பெனி திருப்பி எடுத்த 52,000 ரூபாயில் பங்கு கிடைக்காத மனக்குறைக்கான ஈடு என்பது எழுத்தில் இல்லை, எல்லோருக்கும் தெரியும். கையெழுத்தானபின் 'அண்ணாச்சி, காப்பி குடிச்சிட்டுப் போவோம்' என்று கடைக்காரர்தான் முதலில் பேசினார்.

சரக்கு நவம்பர் 17 அன்று வந்தது. டாக்சிசைக்ளின் பெருமளவு விற்றுவிட்டது; எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் அதுவே மருந்து, மழைக்காலமும் கைகொடுத்தது. ஐவர்மெக்டின் சொறி, சிரங்குக்குக் கொஞ்சம் போயிற்று. ஃபேவிபிராவிரை யாரும் தொடவில்லை. கடைசித் தவணை 2023 ஜூனில் வந்து சேர்ந்தது. வட்டி, நகைக்கடன், விற்காத சரக்கு, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து மொத்த வியாபாரிக்கு நட்டம் ஏறத்தாழ 2,30,000 ரூபாய். 2021 மே மாதம் எல்லாக் கடைகளிலும் சேர்த்து அவர் ஈட்டிய லாபம் இதைவிடக் குறைவு.

இப்போது செய்வது

பில்லின் அடியில் இருந்த பழைய வரி போய்விட்டது. கம்பெனி திரும்ப எடுக்கும் சரக்கு, எடுக்காத சரக்கு என்று இரண்டு பில் போடுகிறார்கள். இரண்டாவதில் கடைக்காரரின் கையெழுத்து இல்லாமல் வண்டி கிளம்பாது. ஒரு கடையின் கொள்முதல் வழக்கத்தைவிட மூன்று மடங்கைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்குக் கடன் இல்லை. மகனுக்கு இதில் உடன்பாடு. தந்தை, அடுத்த தொற்றில் இதைக் கடைப்பிடிப்பேன் என்று என்னிடம் இன்னும் உறுதி சொல்லவில்லை. பின்தேதிக் காசோலைகளைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி, இரண்டரை மாதம் ஆனதும் சிவப்பு மையில் வட்டமிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை, நீதிமன்ற உத்தரவு என்றால் முழு வாசகத்தையும் வழக்கறிஞரிடம் கொடுத்துக் கேட்காமல் வாய் திறப்பதில்லை.

கம்பெனிகளின் முத்திரை மாறவில்லை. விற்காத ஃபேவிபிராவிர் பெட்டிகள், 'எக்ஸ்பைரி, விற்பனைக்கு அல்ல' என்று எழுதிய காகிதம் ஒட்டப்பட்டு, குடோனின் பின்னறையில் 2023 கடைசி வரை கிடந்தன. உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்டிவிட்டு, அழிப்பதற்கு அனுப்பினோம். அந்த வண்டி வாடகையும் இவர் கணக்கில்தான் ஏறியது.